11 புள்ளிக்கு ஒரு சாதிப் பெயர்

பி, ஏ, ஆர், ஐ, ஏ, ஹெச். இந்த ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஏதாவது ஒரு சொல்தேடிச் செயலியில் தட்டிப் பாருங்கள். ஹேர், பேர், ஹார்ப், ஆரியா என்று நான்கு எழுத்துச் சொற்கள் சில வரும். ஆறு எழுத்தையும் மிச்சமில்லாமல் பயன்படுத்தும் சொற்கள் இரண்டுதான் முன்னால் வந்து நிற்கும். ஒன்று ராஃபியா. அது ஒரு பனை வகை, அதன் நாரில் கூடை பின்னுவார்கள். இன்னொன்று பரையா. அது என்னவென்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்கிராபிள் ஆட்டத்தில் பி-க்கு 3, ஹெச்-சுக்கு 4, மற்ற நான்கு எழுத்துகளுக்கும் தலா 1. மொத்தம் 11 புள்ளி.

ஆங்கில அகராதிகளைத் திறந்தால் வழக்கமாக முதலில் தருகிற பொருள் 'வெறுத்து ஒதுக்கப்பட்டவர்'. அதற்கு அடுத்ததாக, ஏதோ கூடுதல் தகவல் போல, 'தென்னிந்தியாவின் ஒரு தாழ்ந்த சாதியைச் சேர்ந்தவர்'. வரிசையைக் கவனியுங்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் இரண்டாம் பொருளாகிவிட்டது. அந்த மக்களுக்குச் செய்யப்பட்ட கொடுமை முதல் பொருளாகிவிட்டது. செய்தவர் யார் என்பது எந்தப் பொருளிலும் இல்லை.

இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு நன்கொடையாக வந்த ஒரு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் இந்தச் சொல் இருந்தது. 'கலைந்து கிடக்கும் எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டுபிடி' என்று ஒரு பகுதி. குறிப்பு: யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எங்கள் மையத்திலேயே எழுத்துப் புதிரில் கெட்டிக்காரி, அரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன் அதைக் கூட்டி வாசித்துவிட்டு, "அக்கா, இது நம்மளத்தான சொல்லுது?" என்று கேட்டான். பாடம் எடுத்துக்கொண்டிருந்த தன்னார்வலர், கல்லூரி மாணவர், நல்ல மனதுள்ளவர்தான், பதறிப்போய்ச் சொன்னார்: "அது வேற, இது வேற. இது இங்கிலீஷ் வார்த்தை."

அது வேற, இது வேற. இந்தப் பதிவு அந்த நான்கு சொற்களுக்கு எதிரானது. அந்த மாணவருக்கு எதிரானது அல்ல. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் இதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாவித்திரிபாய் பூலே ஆங்கிலம் படியுங்கள் என்று நம் மக்களை அழைத்துக் கவிதை எழுதியவர். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்று, அந்த மொழியிலேயே சாதி இந்துக்களை எதிர்கொண்டவர். சந்திரபான் பிரசாத் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010-இல் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்பவே அடிக்கல் நாட்டினார். கோயில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் பின்னால் இருந்த ஏக்கம் புரிகிறது. வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாத பிள்ளைக்கு எழுத்துப் புதிர்தான் சொற்களஞ்சியம் சேர்க்கும் மலிவான வழி. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். எங்கள் மையத்தில் அது தொடரும். பிள்ளைகள் அந்த ஏணியில் ஏறும்போது நடுப்படியில் அவர்கள் பெயரையே அழுக்காக எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

'அது வேற' என்பது பொய். சொல் எப்படிப் பயணம் போனது என்று பார்த்தால் தெரியும். ஆங்கில அச்சில் இது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கப்பலில் வந்த ஐரோப்பியர் இங்கே கேட்ட பெயரை அப்படியே எடுத்துப்போனார்கள். பெயரை மட்டுமா எடுத்துப்போனார்கள்? அதைச் சொல்லிக்கொடுத்தவர்களின் முகச்சுளிப்பையும் சேர்த்தே எடுத்துப்போனார்கள். துபாஷியும் கணக்கரும் நிலவுடைமையாளரும் சொன்ன தமிழ் அது. நம் சேரிக்குள் வந்து நீங்கள் யார் என்று கேட்டிருந்தால் வேறு பொருள் கிடைத்திருக்கும். புறநானூற்றின் 335-ஆம் பாடலில் பறையன் என்பது மதிப்போடு சொல்லப்படும் நான்கு குடிகளில் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கில வழக்குகளைத் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி 1886-இல் வெளிவந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அந்த அகராதியில் இந்தப் பெயருக்குத் தனிப் பதிவு உண்டு. மட்டமான சாராயத்துக்கு நம் பெயர், தெருநாய்க்கு நம் பெயர், பருந்துக்குக்கூட நம் பெயர். பருந்து என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

நாம் இருப்பது புதுச்சேரி. நமக்கு ஒரு காலனிய மொழி போதாது என்று இரண்டு கிடைத்தது. ஆகவே பிரெஞ்சுப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அங்கே சொல்லின் கடைசியில் ஹெச் கிடையாது, ஐந்து எழுத்து, 'பாரியா'. பிரெஞ்சு ஸ்கிராபிளில் 7 புள்ளி. அந்தச் சொல்லைப் பாரிசில் இலக்கியமாகவே கொண்டாடினார்கள். பெர்னார்தன் த சேன்-பியேர் 1791-இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையில், உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஓர் ஆங்கிலேய அறிஞருக்குக் கடைசியில் ஒரு பாரியாவின் குடிசையில்தான் ஞானம் கிடைக்கிறது. 1821-இல் கசிமிர் தெலவீஞ் எழுதிய 'பாரியா' என்ற துன்பியல் நாடகம் பாரிசில் மேடையேறியது. 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்ணியலாளர் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்று அழைத்துக்கொண்டார்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1819 ஜனவரி 6-ஆம் தேதி புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. இந்தியர்கள், கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டம், வழக்கம், மரபுப்படிதான் நீதி விசாரிக்கப்படுவார்கள் என்று. நாடகத்துக்கு இரண்டு வருடம் முன்பு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் கப்பலேறி வருவதற்குள் நனைந்துபோய்விட்டது போலும். பாரிசில் பாரியாவுக்காக உச்சுக்கொட்டலாம். புதுச்சேரியில் பறையர் பறச்சேரியில்தான் இருக்க வேண்டும். 'பார்ஷெரி' என்று அந்த இடத்துக்கும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் ஒரு சொல் செய்து ஆவணங்களில் எழுதி வைத்தார்கள். வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்களே, அந்தக் கருப்பு நகரத்துக்கும் வெளியே இருந்தது அது. அந்த மூன்றாவது நகரத்துக்கு வழிகாட்டிப் பலகை கிடையாது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-இல் ஒரு சம்பவம் வருகிறது. சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர். ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைக் கண்டு பேசியபின், சேரியிலிருந்து மக்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் நேராகவே நியாயம் கேட்கிறார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான் என்றால் இடையில் எதற்குச் சுவர் என்று. சுவர் இடிக்கப்படுகிறது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுகிறார்கள். தோழர்களே, பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருடம் முன்பு, இந்த ஊரில், இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் சமத்துவம் கேட்டுப் போயிருக்கிறார்கள். 'யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள்' என்ற குறிப்பு எவ்வளவு பொய்யானது என்று இப்போது பாருங்கள். சேர்த்துக்கொள் என்று கெஞ்சியவர்கள் அல்ல அவர்கள். சுவரை எடு என்று கேட்டவர்கள்.

அந்த அகராதிப் பொருளில் இன்னொரு பெரிய பிழையும் இருக்கிறது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஆங்கிலத்தில் 'அவுட்காஸ்ட்' என்றால் வெளியே தள்ளப்பட்டவர். கடைசியில் ஒரு இ எழுத்தைச் சேர்த்தால் சாதி அமைப்புக்கு வெளியே இருப்பவர். உண்மையில் நம் பாட்டன் பூட்டனை யாராவது வெளியே தள்ளினார்களா? வெளியே போகத்தான் விட்டார்களா? நாற்று நட, அறுவடை செய்ய, களம் அடிக்க, செத்த மாட்டைத் தூக்க, சாவுக்குப் பறையடிக்க, எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். ஓடிப்போனால் பிடித்து வந்து கட்டிவைக்கும் அளவுக்கு வேண்டும். ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட 'தி பரையா ப்ராப்ளம்' என்ற நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. நில அடிமைத்தனமாக இருந்த ஒன்றை, பாதிரிமார்களும் அரசும் சேர்ந்து தீட்டு, மதம், சடங்கு சார்ந்த சிக்கலாக எப்படி மாற்றிப் பார்த்தார்கள் என்று. உழைப்பைச் சுரண்டுவதற்காக உள்ளேயே பிடித்து வைக்கப்பட்டவர்களை 'ஒதுக்கப்பட்டவர்கள்' என்று எழுதினால், கூலி பாக்கி கணக்கிலிருந்து மறைந்துவிடும். இரக்கம் மட்டும் மிஞ்சும். இரக்கத்துக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை.

முதுகலை வகுப்பில் எங்களுக்கு மாக்ஸ் வேபர் பாடம் நடந்தது. யூதர்களை அவர் 'பரையா மக்கள்' என்று வகைப்படுத்தியதைப் பற்றி ஒரு மணி நேரம். ஹன்னா அரெண்ட் அதே சொல்லை எடுத்து 1944-இல் யூதரைப் பரையாவாகப் பார்த்து எழுதிய கட்டுரையைப் பற்றி இன்னொரு மணி நேரம். குறிப்பெடுத்தோம், தேர்வு எழுதினோம். அந்தப் பெயரைத் தந்த மக்களின் பிள்ளைகள் நான்கைந்து பேர் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தது யாருடைய குறிப்பிலும் வரவில்லை. கோட்பாடு என்று வந்துவிட்டால் பெயர் உரிமையாளரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நல்லவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ஹோ சி மின் 1922-இல் பாரிசிலிருந்து நடத்திய பத்திரிகையின் பெயர் 'லெ பாரியா'. காலனியங்களில் ஒடுக்கப்பட்ட எல்லோரின் குரல் என்ற பொருளில். அவர்மீது எனக்குக் கோபமில்லை, அந்தப் பத்திரிகைமீது மரியாதைதான். ஆனால் அதற்கு 29 வருடம் முன்பே, 1893-இல், சென்னையில் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கியவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். ஹோ சி மின்னின் பத்திரிகை உலக வரலாற்று நூல்களில் இருக்கிறது. தாத்தாவின் பத்திரிகையை நாம்தான் ஒவ்வொரு மேடையிலும் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் சொல்வார்கள், இதில் பொருளுக்கு வேலை இல்லை, எழுத்து மட்டும்தான், பட்டியலில் இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1990-களிலேயே அமெரிக்காவில் யூதர்களை இழிவுபடுத்தும் சொற்கள் அதில் இருப்பதை எதிர்த்து ஒரு பெண் போராடப்போய், வீட்டில் ஆடுவோருக்கான பட்டியலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை நீக்கினார்கள். 2020-இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் போட்டிப் பட்டியலிலிருந்தும் இருநூறுக்கும் மேற்பட்ட வசைச்சொற்களை எடுத்தது. அடுத்த வருடம் மாட்டெல் நிறுவனம் மற்ற நாடுகளுக்கான பட்டியலிலிருந்து நானூறு சொற்கள் வாக்கில் நீக்கியது. வேர்டில் புதிரை விலைக்கு வாங்கிய நியூயார்க் டைம்ஸ், 'அடிமை' என்ற பொருள் தரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லையே விடையாக வராமல் தூக்கியது. ஆக, பொருளுக்கு வேலை இருக்கிறது. யாருடைய வலி, எப்போது, யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து வேலை இருக்கிறது.

இத்தனை சலிப்புக்குப் பிறகும் பி, ஏ, ஆர், ஐ, ஏ, ஹெச் செல்லுபடியாகும் சொல்தான். ஏன்? என் கணிப்பு இது. ஆங்கிலக் காதுக்கு அது எந்த மனிதரையும் குறிக்கவில்லை. தடை விதிக்கப்பட்ட நாட்டை 'பரையா அரசு' என்பார்கள், ஊழலில் சிக்கிய வங்கிக்காரரைப் பரையா என்பார்கள். உயிரோடு லட்சக்கணக்கான ஆட்கள் அந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வசைச்சொல் என்றால் எதிரில் ஒரு ஆள் புண்பட வேண்டுமே. ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிட்டால் சொல் சுத்தமாகிவிடுகிறது.

வெள்ளைக்காரருக்குத் தெரியாது, விடுங்கள். நம் தமிழ்ப் பெருமைக்காரர்களுக்கு? 'ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றுகிறது. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் என்று நீளும். எனக்கு வந்த பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் நம் சொல் இல்லை. இருந்த ஒன்றிரண்டில் மிளகுத்தண்ணீருக்கும் பச்சிலைக்கும் நடுவே, ஒரு விளக்கமும் இல்லாமல். உலக மொழிகளில் பரவலாகப் புழங்குகிற தமிழ்ச் சொற்களில் இது முன்வரிசை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாவற்றிலும் இருக்கிறது. தமிழ்ச் சாதியச் சமூகம் உலகத்துக்குக் கொடுத்த கொடை இதுதான். பெருமைக்காரர்கள் இதற்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அப்துல்லா ஹுசைன் எழுதி 1971-இல் வெளிவந்த 'இண்டர்லோக்' என்ற மலாய் நாவலை 2011-இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றிய பகுதியில் இந்தச் சாதிப் பெயர் இருந்தது. தமிழர்கள் போராடினார்கள், அந்த வருடக் கடைசியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. போராட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது, அந்த நாட்டில் எல்லாத் தமிழர்களையும் திட்டுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த எதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்திருந்தன. 'சாதிப் பெயரால் யாரையும் இழிவு செய்யாதே' என்பது ஒன்று. 'எங்களைப் போய் அப்படிச் சொல்லலாமா' என்பது இன்னொன்று. இரண்டாவது குரல் நம் பக்கம் நிற்கும் குரல் அல்ல. அது நம்மை விட்டு ஓடுகிற குரல்.

இங்கேயும் அதுதான். ஒரு கட்சியோடு யாரும் கூட்டணி வைக்காவிட்டால், 'நாங்கள் என்ன தீண்டத்தகாத கட்சியா' என்று கேட்கிறார்கள். முற்போக்குப் பத்திரிகைகளில்கூட 'பரையா அரசு' என்பதைத் 'தீண்டத்தகாத நாடு' என்று பெயர்க்கும் வழக்கம் இருக்கிறது. தனிமைப்படுத்தப்பட்ட நாடு, புறக்கணிக்கப்பட்ட நாடு என்று எழுதினால் கை வலிக்குமா?

இப்போது நம் ஆட்களிடமிருந்தே வரும் கேள்விக்கு வருகிறேன். ஊரில் கொலை விழுகிறது, குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கிறார்கள், நீ எழுத்துப் புதிரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாயா என்று. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது அதில் 3(1)(எஸ்) பிரிவில் தனிக் குற்றம். 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: பள்ளன், பறையன் போன்ற பெயர்களை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பயன்படுத்தினால் குற்றம். கொலைக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சொல் விழுகிறது. வழக்குப் பதிய காவல் நிலையத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுத வைக்க எவ்வளவு நேரம் வாதாட வேண்டியிருக்கிறது என்று. 'கெட்ட வார்த்தையில் திட்டினார்' என்று எழுதி முடித்துவிடப் பார்ப்பார்கள். அங்கே சொல் இல்லாவிட்டால் சட்டப் பிரிவே நிற்காது. சொல் சின்ன விஷயம் என்று நமக்குச் சொல்கிறவர்கள், அறிக்கையில் அதை எழுதாமல் தவிர்க்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்?

எழுத்தின் கதையும் அப்படித்தான். தமிழ்நாட்டு அட்டவணையில் நம் பெயருக்கு இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டு இருக்கிறது, ஒன்றில் நடுவே ஏ, ஐ இரண்டும், இன்னொன்றில் ஏ மட்டும். புதுச்சேரிக்கு 1964-இல் தனி ஆணை. சான்றிதழ் வாங்கப் போகும்போது பள்ளி ஆவணத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் என்ன பாடு என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உரிமை கேட்டு வரும்போது நம் பெயரை எழுத்தெழுத்தாக உரசிப் பார்க்கிற அதே ஆங்கிலம், வசையாகப் பயன்படுத்தும்போது மட்டும் 'அது வேற' என்கிறது.

அப்படியானால் இந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாமா? நம் முன்னோர்களே இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. பூர்வ பௌத்தர்களான நம்மீது எதிரிகள் சுமத்திய இழிபெயர் அது என்றார். இரட்டைமலை சீனிவாசன் அதையே பத்திரிகையின் நெற்றியில் எழுதினார். தன் பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலை. இத்தனைக்கும் இருவரும் மைத்துனர்கள். 1922-இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முயன்று அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயரைக் கொண்டுவந்தார். நம் ஊரில் 1881-இல் பிரெஞ்சு அரசு, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளலாம் என்று வழிசெய்தபோது, நம் மக்களில் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றே வருடத்தில், 1884-இல், ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று வாக்காளர் பட்டியலையே பிரித்தார்கள். பெயரை மாற்றினாலும் பட்டியலில் தனியாகத்தான் வைத்தார்கள். நான்கு வழிகளிலும் நியாயம் இருக்கிறது. பெயரைச் சூட்டிக்கொள்வதும் துறப்பதும் நம் முடிவு என்பதில் மட்டும் நால்வருக்கும் வேறுபாடில்லை.

நான் நீக்கச் சொல்ல மாட்டேன். நீக்கினால் அவர்களுக்குச் சௌகரியம். ஒரு இரவில் சொல் போய்விடும், அதோடு முன்னூறு, நானூறு வருடச் சாட்சியமும் போய்விடும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே இந்தச் சொல்தான் இருக்கிறது. அந்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. நாளை நிலத்தை மீட்க ஆவணம் தேடும் பிள்ளை அந்தச் சொல்லைத் தட்டித்தான் தேட வேண்டும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் பெயர்ப்பலகை மாறின தெருவில் சுடுகாட்டுப் பாதை மாறினதா என்று அடுத்த மாதம் போய்ப் பார்ப்பதுதான் நம் வேலை.

அகராதிக்காரர்களிடம் நான் கேட்பது வேறு. மக்களின் பெயரை முதலில் போடு. அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்று எழுது. உவமையாகப் பயன்படுத்துவது இழிவானது என்று குறியிடு. மற்ற இனங்களைப் பற்றிய வசைகளுக்கெல்லாம் அந்தக் குறியைப் போடத் தெரிகிறது அல்லவா? புத்தகம் அச்சடிப்பவர்களிடம் கேட்பது இன்னும் எளிது: பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் 'யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள்' என்ற குறிப்போடு எங்கள் பெயரைப் போடாதே.

நம் படிப்பு மையங்களில் பாடம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு: அந்தச் சொல் வந்தால் பக்கத்தைப் புரட்டாதீர்கள், பிள்ளை கேட்டால் 'அது வேற' என்று சொல்லாதீர்கள். ஆமாம், நம்மைத்தான் சொல்லுது, உட்கார், சொல்கிறேன் என்று ஆரம்பியுங்கள். சம்பா கோயில் சுவரைச் சொல்லுங்கள், 1893-ஐச் சொல்லுங்கள். எங்கள் மையத்தில் அடுத்த வாரம் அப்படித்தான் செய்தோம். ஒரு மணி நேரம் ஆனது. அன்றைக்கு வேறு புதிர் போட நேரமில்லை.

பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம், தமிழில் இரண்டு பக்கம். அதை ஆங்கிலத்தில் பிசகில்லாமல் எழுதித் தர மாணவர்கள் இரண்டு பேர் வேண்டும். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும், அந்த அகராதிகளுக்கும் தனிக் கடிதம் போக வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் மையத்தில்தான் இருப்போம்.

ஜெய் பீம்.